தீரு பட்டணம் இன்றும் இருக்கிறதே, எசேக்கியேல் சொன்னது நிறைவேறியதா?

கேள்வி இது: ஒரு சபையின் வாலிபர் கூட்டத்தில் எசேக்கியேல் 26ஆம் அதிகாரத்தைப் பாடமாக எடுத்திருக்கிறார்கள். தீரு பட்டணத்தைப் பற்றிச் சொன்னது எழுத்துக்கு எழுத்து நிறைவேறியது, ஆகவே வேதாகமம் தேவனுடைய வார்த்தை என்பது நிரூபணமாகிவிட்டது என்று பேசியிருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்த உங்களிடம் உங்கள் நண்பர் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, "இதோ லெபனானில் தீரு இருக்கிறது, ஜனங்கள் குடியிருக்கிறார்கள். இனி கட்டப்படாது என்றுதானே உங்கள் புத்தகம் சொல்கிறது?" என்று கேட்டாராம். கிறிஸ்தவர்கள் இதற்கு என்ன பதில் சொல்கிறார்கள், இந்தப் பாடத்தை இனி வாலிபர்களுக்கு நடத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. புதிய கேள்வியும் அல்ல. பெத்லகேமில் இருந்துகொண்டு கி.பி. 410க்குப் பின்வந்த ஆண்டுகளில் எசேக்கியேலுக்கு விளக்கவுரை எழுதிய ஜெரோம் இதையே எடுத்துப் பேசினார். இனி கட்டப்படாது என்று சொல்லியிருக்கிறதே, ஆனால் இன்றைக்கு பெனிக்கேயாவிலேயே சிறப்பும் அழகும் மிகுந்த பட்டணமாக தீரு நிற்கிறதே என்று அவர் மறைக்காமல் எழுதினார். அவர் இருந்த இடத்திலிருந்து தீரு சில நாள் பயணம்தான். ஆகவே இந்தக் கேள்வியைக் கேட்பவரை அவிசுவாசி என்று ஒதுக்க வேண்டியதில்லை. சபைப் பிதா ஒருவரே கேட்டது இது.

முதலில் அதிகாரம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். சிறையிருப்பின் பதினோராம் வருஷம் என்று தேதி போட்டே தொடங்குகிறது. நம் கணக்கில் கி.மு. 587 அல்லது 586. எருசலேம் விழுந்துகொண்டிருந்த காலம். தீருவின்மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டு இரண்டாம் வசனத்திலேயே வந்துவிடுகிறது: எருசலேம் உடைந்துபோயிற்று, இனி அங்கே போன வியாபாரமெல்லாம் என் பக்கம் திரும்பும், நான் நிரப்பப்படுவேன் என்று தீரு சந்தோஷப்பட்டது. பக்கத்து வீடு எரிவதைப் பார்த்து லாபக்கணக்குப் போட்ட பட்டணம். இதை மறந்துவிட்டு மேலே படித்தால் அதிகாரமே புரியாது. பிறகு தீர்ப்பு: சமுத்திரம் அலைகளை எழும்பப்பண்ணுவதுபோல அநேகம் ஜாதிகள் வரும், மதில்கள் இடியும், மண்ணும் மிஞ்சாமல் வெறும் பாறையாகும், வலை காயப்போடும் இடமாகும். ஏழாம் வசனத்தில் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் பெயர் வெளிப்படையாக வருகிறது. அவனுடைய குதிரைகளின் குளம்புகள் வீதிகளை மிதிக்கும் என்றும் வருகிறது. பன்னிரண்டாம் வசனத்தில் கல், மரம், மண் எல்லாம் கடலுக்குள் போடப்படும். கடைசியில், நீ இனிக் கட்டப்படமாட்டாய், தேடினாலும் காணப்படமாட்டாய்.

இப்போது இடத்தைக் கவனியுங்கள். அன்றைய தீரு கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் கடலுக்குள் இருந்த பாறைத் தீவு. எதிரே கரையில் பழைய தீரு என்று பிற்காலத்தார் அழைத்த ஊர் இருந்தது. தண்ணீர், விறகு, தானியம் எல்லாம் கரையிலிருந்துதான் தீவுக்குப் போக வேண்டும். ஆனால் கப்பல் படை தீருவின் கையில் இருந்தவரை தீவை யாரும் பட்டினி போட முடியவில்லை. எந்த ராஜாவும் கரையைப் பிடித்துவிடலாம், தீவைப் பிடிப்பதுதான் கடினம்.

நேபுகாத்நேச்சார் வந்தான். பதின்மூன்று வருஷம் முற்றுகை போட்டான் என்று பெனிக்கேயப் பதிவுகளை மேற்கோள் காட்டி யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். முடிவில் தீரு பாபிலோனுக்கு அடங்கியது. ஆனால் பட்டணம் சூறையாடப்பட்டதாகவோ பாறையாக்கப்பட்டதாகவோ எந்தச் சான்றும் இல்லை. ஏதோ ஓர் உடன்படிக்கையில் முற்றுகை முடிந்தது என்றுதான் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

இதைச் சொல்வதற்கு வெளியிலிருந்து சாட்சி தேட வேண்டியதில்லை, எசேக்கியேலே சொல்லிவிடுகிறார். 29ஆம் அதிகாரம் 17 முதல் 20 வரை எடுத்துப் பாருங்கள். வாலிபர் கூட்டங்களில் இந்த நாலு வசனத்தை நான் கேட்டதே இல்லை. இருபத்தேழாம் வருஷம், முதலாம் மாதம், முதல் தேதி என்று தொடங்கும் அந்தப் பகுதி கி.மு. 571ஐச் சேர்ந்தது. எசேக்கியேல் புஸ்தகத்தில் தேதி போட்ட வாக்குகளில் கடைசி அதுதான். நேபுகாத்நேச்சார் தீருவுக்கு விரோதமாகத் தன் சேனையிடம் கடும் வேலை வாங்கினான். எல்லாருடைய தலையும் வழுக்கையாயிற்று, எல்லாருடைய தோள்பட்டையும் தோலுரிந்துபோயிற்று. ஆனாலும் அவனுக்கும் சேனைக்கும் தீருவிலிருந்து கூலி கிடைக்கவில்லை. ஆகையால் எகிப்தை அவனுக்குக் கூலியாகக் கொடுப்பேன் என்கிறார் கர்த்தர். தலைக்கவசமும் கூடையும் சுமந்து தலைமுடி தேய்ந்து, உத்திரம் சுமந்து தோள் புண்ணான சிப்பாய்களைப் பக்கத்தில் நின்று பார்த்ததுபோல எழுதியிருக்கிறது. தீருவின் ஆஸ்தியைக் கொள்ளையிடுவார்கள் என்று 26ஆம் அதிகாரம் சொன்னது. கொள்ளை கிடைக்கவில்லை என்று 29ஆம் அதிகாரம் சொல்கிறது. இரண்டும் ஒரே தீர்க்கதரிசியின் பெயரில், ஒரே புஸ்தகத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

நான் இந்த இடத்தில்தான் நிற்கிறேன். இந்தப் புஸ்தகத்தைத் தொகுத்துக் காப்பாற்றியவர்கள் நினைத்திருந்தால் 26ஐத் திருத்தியிருக்கலாம், அல்லது 29இல் உள்ள நாலு வசனத்தை விட்டிருக்கலாம். இரண்டையும் அப்படியே வைத்தார்கள். நடந்து முடிந்த பிறகு எழுதிவைத்த "தீர்க்கதரிசனம்" இது அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். வேதாகமத்தைக் கடுமையாக ஆராய்கிறவர்களில் பலரும் அதை ஒப்புக்கொள்கிறார்கள். அதே நேரத்தில், சொன்னதற்கும் நடந்ததற்கும் இடையில் இருக்கும் இடைவெளியைக் கண்டு தீர்க்கதரிசி வெட்கப்படவில்லை, பயப்படவும் இல்லை. அவர் பயப்படாத இடத்தில் நாம் ஏன் பூசிமெழுக வேண்டும்?

சரி, அலெக்சாண்டருக்கு வருவோம். வாலிபர் கூட்டத்தில் நீங்கள் கேட்டது இவரைப் பற்றித்தான் இருந்திருக்கும்.

கி.மு. 332. அலெக்சாண்டர் தெற்கே எகிப்தை நோக்கிப் போகும் வழியில் தீருவுக்குள் வந்து அங்குள்ள தீருவின் தெய்வமான மெல்கார்ட்டின் கோயிலில் பலியிட வேண்டும் என்கிறார். தீரு மறுக்கிறது. கப்பல் படையில் பலமில்லாத அலெக்சாண்டர், கரையிலிருந்து தீவுக்குக் கடலைத் தூர்த்தே பாதை போடத் தொடங்குகிறார். கரையில் இருந்த பழைய தீருவை இடித்து, அந்தக் கற்களைப் பல்லாயிரம் பேரைக் கொண்டு சுமக்கவைத்துக் கடலில் கொட்டினார் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதுகிறார். மரம் லெபனான் மலையிலிருந்து வந்தது. தீருவார் எரியும் கப்பலை மோதவிட்டு அந்தப் பாதையின் கோபுரங்களைக் கொளுத்தினார்கள். அவர் மறுபடி போட்டார். ஏழு மாதம் கழித்துப் பட்டணம் விழுந்தது. எண்ணாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள், சுமார் முப்பதாயிரம் பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள் என்பது இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் அர்ரியன் தரும் கணக்கு.

கல்லும் மரமும் மண்ணும் கடலுக்குள் போடப்படும் என்ற பன்னிரண்டாம் வசனத்தை வைத்துக்கொண்டு இதைப் படித்தால் யாருக்கும் மெய்சிலிர்க்கும். எனக்கும் சிலிர்க்கிறது. இன்னொன்றும் உண்டு, இதை யாரும் அதிகம் பேசுவதில்லை. 27ஆம் அதிகாரத்தில் தீருவையே ஓர் அழகான கப்பலாக வர்ணித்து எசேக்கியேல் புலம்பல் பாடுகிறார். லெபனானின் கேதுருவில் பாய்மரம், பாசானின் கர்வாலி மரத்தில் துடுப்பு. அந்தக் கப்பலுக்குத் தண்டுவலிக்கிறவர்கள் சீதோனியரும் அர்வாத்தியரும். 332இல் அலெக்சாண்டரின் பாதை தடைபட்டு நின்றபோது அவருக்கு வந்து சேர்ந்த கப்பல்களில் சீதோனின் கப்பல்களும் அர்வாத்தின் கப்பல்களும் இருந்தன. தீருவுக்குத் தண்டுவலித்தவர்களே தீருவை முற்றுகையிட்டார்கள். அந்தப் புலம்பலைப் படித்துவிட்டு அர்ரியனைப் படிக்கிறவர் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்காமல் இருக்க முடியாது.

இந்த வாதத்தை வைப்பவர்கள் இலக்கணத்தையும் காட்டுகிறார்கள். ஏழு முதல் பதினோராம் வசனம்வரை "அவன்" என்று ஒருவனைப் பற்றிப் பேச்சு. பன்னிரண்டில் "போட்டுவிடுவார்கள்" என்று பன்மை வந்துவிடுகிறது. மூன்றாம் வசனத்தில் அநேகம் ஜாதிகள் அலை அலையாக வருவார்கள் என்றும் இருக்கிறது. ஆகவே முதல் அலை நேபுகாத்நேச்சார், அடுத்த அலை அலெக்சாண்டர், பிறகு மற்றவர்கள் என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். மரபுவழிச் சபைகளில் மிகப் பரவலான பதில் இதுதான்.

இதில் பலமும் உண்டு, பலவீனமும் உண்டு. அலைகள் என்ற சொல்லுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் பன்னிரண்டாம் வசனத்தில் புதிதாக யாரும் அறிமுகமாகவில்லை. நேபுகாத்நேச்சாரின் சேனையைத்தான் பன்மையில் சொல்கிறது என்று எடுத்தால் வாக்கியம் இன்னும் இயல்பாக ஓடுகிறது. குதிரைகள் வீதிகளை மிதிக்கும் என்ற பதினோராம் வசனம் "அவன்" பகுதியில் இருக்கிறது, தீவின் வீதிகளில் அவனுடைய குதிரைகள் ஓடியதற்குச் சான்று இல்லை. இதையெல்லாம் சொல்லாமல், கடந்த நூற்றாண்டில் அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் பீட்டர் ஸ்டோனர் போட்ட கணக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களே, அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தீரு தீர்க்கதரிசனம் தற்செயலாக நிறைவேற ஏழரைக் கோடியில் ஒரு வாய்ப்புதான் என்று அவர் கணக்கிட்டார். தீர்க்கதரிசனத்தை ஏழு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பை ஊகித்துப் பெருக்கிய தொகை அது. 29ஆம் அதிகாரத்தைத் தள்ளிவைத்தால்தான் அந்தக் கணக்கே நிற்கும். வேதத்தை நிரூபிக்க வேதத்தில் ஒரு பகுதியை மறைக்க வேண்டியிருந்தால் அந்த நிரூபணம் நமக்கு வேண்டாம்.

அப்புறம், அலெக்சாண்டரோடு தீரு முடிந்துவிடவும் இல்லை. பதினெட்டு வருஷத்துக்குள் மறுபடி மதில் கட்டி, அவருடைய தளபதி ஆண்டிகோனஸை ஒரு வருஷமும் மூன்று மாதமும் எதிர்த்து நின்றது. இயேசுவின் காலத்தில் எருசலேம் ஆலய வரி கட்ட ஏற்றுக்கொள்ளப்பட்ட நாணயம் தீருவின் வெள்ளிக்காசுதான். ஆண்டவரே தீரு சீதோன் எல்லைகளுக்குப் போனதாக மாற்கு 7 சொல்கிறது. பவுல் ஏறிவந்த கப்பல் தீருவில்தான் சரக்கு இறக்கியது; அவர் அங்கே சீஷர்களைக் கண்டுபிடித்து ஏழு நாள் தங்கினார், புறப்படும்போது அவர்கள் மனைவி பிள்ளைகளோடு கடற்கரைவரை வந்து முழங்காற்படியிட்டு ஜெபித்தார்கள் என்று அப்போஸ்தலர் 21 சொல்கிறது. கி.பி. 315 வாக்கில் அங்கே பெரிய ஆலயம் ஒன்று பிரதிஷ்டை செய்யப்பட்டபோது சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ்தான் பிரசங்கம் செய்தார். 1124இல் சிலுவைப் போராளிகள் பிடித்தார்கள், 1291இல் எகிப்தை ஆண்ட மம்லூக்கியர் பிடித்து இடித்தார்கள்.

அதற்குப் பிறகு நீண்ட காலம் தீரு உண்மையிலேயே பாழாய்க் கிடந்தது. 1697இல் அந்த வழியாகப் போன ஆங்கிலேயப் பாதிரியார் ஹென்றி மவுண்ட்ரெல், உடைந்த சுவர்களுக்கு நடுவே மீன்பிடித்துப் பிழைக்கும் சில ஏழைகளை மட்டும் கண்டதாக எழுதினார். ஐரோப்பியப் போதகர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, வலை காயப்போடும் இடம் என்று சொன்னது நிறைவேறியது என்று நூறு நூற்றைம்பது வருஷம் பிரசங்கித்தார்கள். இதற்கிடையில் 18ஆம் நூற்றாண்டிலேயே ஊர் மறுபடி எழும்பத் தொடங்கிவிட்டது. அலெக்சாண்டர் போட்ட பாதையைச் சுற்றி மணல் சேர்ந்து தீவு இப்போது கரையோடு ஒட்டிய நிலமாகிவிட்டது. சூர் என்று அழைக்கப்படும் இன்றைய ஊரில் மீன்பிடித் துறைமுகமும் இருக்கிறது, கிறிஸ்தவர்கள் குடியிருக்கும் தெருக்களும் இருக்கின்றன, 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற அந்தஸ்தும் இருக்கிறது. ஒரு பயணியின் கண்ணில் பட்ட காட்சியை வைத்து, இதோ நிறைவேறியது என்று கணக்கை முடித்துவிட்டால், அடுத்த நூற்றாண்டில் காட்சி மாறும்போது என்ன செய்வது?

ஆகவே "இனிக் கட்டப்படமாட்டாய்" என்பதைக் கிறிஸ்தவர்கள் பலவிதமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஜெரோம் சொன்ன பதில்: ஊர் மறுபடி வந்தது, ஆனால் ஜாதிகளுக்கு ராணியாக இருந்த அந்தத் தீரு, தன் சொந்த அதிகாரத்தோடு கடலை ஆண்ட தீரு, மறுபடி வரவில்லை. இன்றைக்கும் பலருடைய பதில் இதுதான். வரலாறு இதற்கு இடம் கொடுக்கிறது. மேற்கே தீருவார் குடியேறிக் கட்டிய கார்த்தேஜ் தன் வழியில் வளர்ந்தது. 332க்குப் பிறகு கிழக்கு மத்தியதரைக் கடலின் வியாபாரத்தில் முதலிடம் அலெக்சாந்திரியாவுக்குப் போனது. தீரு பெரும்பாலும் வேறு யாரோ ஒருவருடைய ஆட்சிக்குக் கீழ் ஒரு துறைமுகமாகவே இருந்தது. சிலர் இதைவிட எளிய வழி ஒன்று சொல்கிறார்கள்: கரையிலிருந்த பழைய தீருவைத்தான் எசேக்கியேல் சொன்னார், அந்த இடம் பிறகு கட்டப்படவில்லை என்று. இது நிற்காது. 26, 27 இரண்டு அதிகாரமும் கடலின் நடுவே இருக்கும் பட்டணத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கரையிலுள்ள ஊர்களை, வெளியில் இருக்கிற குமாரத்திகள் என்று தனியாகப் பிரித்தே சொல்லியிருக்கிறது.

இரண்டாவதாக, இன்னொரு சாரார் எரேமியா 18ஐக் காட்டுகிறார்கள். ஒரு ஜாதியைப் பிடுங்குவேன், இடிப்பேன் என்று நான் சொன்ன பிறகு அந்த ஜாதி திரும்பினால், செய்ய நினைத்த தீங்கை நானும் செய்யமாட்டேன் என்று கர்த்தர் அங்கே பொதுவான ஒரு முறையாகவே சொல்லுகிறார். யோனா நாற்பது நாளில் நினிவே கவிழ்ந்துபோகும் என்றார், "மனந்திரும்பினால் தவிர" என்று அவர் சேர்க்கவில்லை, ஆனாலும் நினிவே தப்பியது. எல்லாரும் யோனாவைச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது எரேமியா 26. எரேமியாவைக் கொல்ல வேண்டும் என்று கூட்டம் கூச்சலிடுகிறது. அப்போது தேசத்து மூப்பர்கள் சிலர் எழும்பி, நூறு வருஷத்துக்கு முன் மீகா, சீயோன் வயலைப்போல் உழப்படும் என்று சொன்னாரே, எசேக்கியா ராஜா அவரைக் கொன்றானா, கர்த்தருக்குப் பயந்து விண்ணப்பம் செய்தான், கர்த்தரும் அந்தத் தீங்கைச் செய்யவில்லை என்கிறார்கள். மீகா சொன்னது அவர் காலத்தில் நடக்கவில்லை. ஆனால் யாரும் அவரைக் கள்ளத் தீர்க்கதரிசி என்று சொல்லவில்லை. சொன்னதால்தான் நடக்கவில்லை என்று புரிந்துகொண்டார்கள். இஸ்ரவேலின் மூப்பர்களே தீர்க்கதரிசனத்தை எப்படிக் கேட்டார்கள் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேதாகமத்தில் இல்லை. சொன்ன காரியம் நடவாவிட்டால் அது கர்த்தர் சொன்னதல்ல என்ற உபாகமம் 18ஐயும் இதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். தீரு விஷயத்தில் இந்த விளக்கத்துக்கு ஒரு குறை: தீரு மனந்திரும்பியது என்று எங்கும் எழுதியில்லை. பாபிலோனுக்கு அடங்கியதையே தாழ்மையாக எடுத்துக்கொள்கிறார்கள் சிலர். கொஞ்சம் இழுத்துப் பிடிப்பதுதான்.

மூன்றாவது பார்வை மொழியைப் பற்றியது. அந்தக் காலத்தில் ஒரு பட்டணத்தின்மேல் நியாயத்தீர்ப்புச் சொல்லும்போது இப்படித்தான் பேசுவார்கள். கி.மு. 1208 வாக்கில் எகிப்தின் பார்வோன் மெர்னெப்தா நாட்டிய கல்வெட்டு, இஸ்ரவேல் பாழாயிற்று, அதன் வித்து இல்லை என்கிறது. அதற்குப் பிறகுதான் இஸ்ரவேலின் வரலாற்றில் பெரும்பகுதியே நடக்கிறது! ஏசாயா 13 பாபிலோன் சோதோமைப்போல் ஆகும், இனி ஒருவரும் குடியேறமாட்டார்கள் என்கிறது. கி.மு. 539இல் பெர்சிய ராஜா கோரேசின் சேனை பாபிலோனை இடிக்காமலே உள்ளே நுழைந்தது. பட்டணம் பல நூறு வருஷங்களில் மெல்ல மெல்லத் தேய்ந்துதான் பாழானது. கேட்ட ஜனங்களுக்கு இந்த நடை தெரியும். நில அளவைப் பத்திரம் படிப்பதுபோல் அவர்கள் இதைக் கேட்கவில்லை.

நான்காவதாக, இந்த விவரத்தில் தீர்க்கதரிசனம் நிறைவேறவில்லை என்று நேராகவே ஒப்புக்கொள்ளும் கிறிஸ்தவ வேத அறிஞர்களும் உண்டு. அவர்கள் விசுவாசத்தை விட்டவர்கள் அல்லர். 29ஆம் அதிகாரமே அப்படித்தானே சொல்கிறது என்பது அவர்கள் நிலைப்பாடு.

என் எண்ணத்தைக் கேட்டால், இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்த ஓரிடத்தில்தான் நான் இருக்கிறேன். தீர்க்கதரிசனம் என்பது முன்கூட்டி அச்சடித்த கால அட்டவணை அல்ல. உயிருள்ள தேவன் ஒரு பட்டணத்தை, ஒரு ராஜாவை முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுவது. அதனால்தான் தீருவைப் பற்றி வேதாகமத்தில் ஒரே குரல் மட்டும் இல்லை. ஏசாயா 23 தீரு எழுபது வருஷம் மறக்கப்பட்டிருக்கும், பிறகு கர்த்தர் தீருவைச் சந்திப்பார், அதன் லாபம் கர்த்தருக்குப் பரிசுத்தமாகும் என்கிறது. சங்கீதம் 87 சீயோனில் பிறந்தவர்களின் பட்டியலில் தீருவையும் எழுதுகிறது. எசேக்கியேலின் "இனி இல்லை" என்பதும் இவையும் ஒரே வேதத்தில் இருக்கின்றன. 26ஐ மட்டும் வெட்டியெடுத்து நிரூபணமாக வைப்பவர்களும், அதே 26ஐ மட்டும் வைத்துத் தோல்வி என்று சொல்பவர்களும் ஒரே தவற்றைத்தான் செய்கிறார்கள்.

ஆதிச் சபை இதை எப்படிப் படித்தது என்பதற்கு வெளிப்படுத்தின விசேஷம் 18 இருக்கிறது. மகா பாபிலோன் விழும்போது வியாபாரிகளும் மாலுமிகளும் தூரத்தில் நின்று தலையில் புழுதி போட்டு அழுவது, பொன், வெள்ளி, தந்தம், இரத்தாம்பரம் என்று சரக்குப் பட்டியல் நீளுவது எல்லாம் எசேக்கியேல் 27இலிருந்து எடுத்தவை. யோவானின் காலத்தில் தீரு ஒரு ரோமத் துறைமுகம். தீருவின் தீர்க்கதரிசனம் நிறைவேறி முடிந்த பழங்கதை என்று யோவான் நினைத்திருந்தால், அதை எடுத்துத் தன் காலத்துப் பேரரசின்மேல் வைத்திருக்கமாட்டார். அயலானின் அழிவில் லாபம் பார்க்கும் எந்த வல்லரசுக்கும் அது பொருந்தும் என்றே படித்திருக்கிறார்.

வெளிப்படுத்தின விசேஷத்தைப் படிப்பதிலும் கிறிஸ்தவர்கள் ஒருமனமாக இல்லை. பெரும்பகுதி முதல் நூற்றாண்டிலேயே, முக்கியமாக கி.பி. 70இல் எருசலேம் விழுந்தபோதும் ரோமின் நாட்களிலும் நிறைவேறிவிட்டது என்பார்கள் சிலர். சபை வரலாறு முழுவதற்கும் வரிசையான வரைபடம் என்று படித்தார்கள் சீர்திருத்தக் காலத்தவர் பலர். போப்பை அந்திக்கிறிஸ்து என்று லூத்தர் சொன்னது இந்த வழியில்தான். ஏறக்குறைய எல்லாமே இனிமேல்தான் நடக்கும் என்பது நம் பெந்தெகொஸ்தே, பிரதரன் சபைகளில் அதிகம் கேட்கும் போதனை. 19ஆம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பி வகுத்து, 1909இல் வந்த ஸ்கோபீல்டு குறிப்பு வேதாகமத்தால் உலகெங்கும் பரவியது. எந்தக் காலத்துக்கும் பொருந்தும் ஆவிக்குரிய போராட்டத்தின் படம் என்பவர்கள் வேறு.

இவற்றில் எதை எடுத்தாலும் தேதி குறிக்கப் போனவர்கள் ஜனங்களை நொறுக்கித்தான் விட்டார்கள். தானியேல் 8இலுள்ள 2,300 நாட்களை வருஷங்களாக எண்ணிய வில்லியம் மில்லரின் போதனையைப் பின்பற்றியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று ஆண்டவர் வருவார் என்று காத்திருந்து மனமுடைந்தார்கள். நமக்குப் பக்கத்திலும் நடந்தது. திருவிதாங்கூரில் 1875இல் பெரிய எழுப்புதல் உண்டானபோது, தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான ஜஸ்டஸ் ஜோசப், 1881இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். பலர் நம்பினார்கள். அந்த வருஷம் கடந்துபோயிற்று. தீர்க்கதரிசனம் மனிதரின் ஆவலைத் தீர்க்கக் கொடுக்கப்படவில்லை, நடந்த பிறகு தேவனுடைய பராமரிப்பைக் காணவே கொடுக்கப்பட்டது என்று ஐசக் நியூட்டன் எழுதியிருக்கிறார். வருஷக்கணக்கில் தானியேலின் எண்களோடு உட்கார்ந்த மனிதர் அவர், அதனால் அவர் வாயிலிருந்து வரும்போது எனக்கு அது கனமாகப் படுகிறது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. பாடத்தை நடத்தலாம், தாராளமாக நடத்துங்கள். 26, 27, 28 மூன்றையும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். 29:17-20ஐக் கட்டாயம் வாசியுங்கள். ஏசாயா 23ஐயும் அப்போஸ்தலர் 21இன் முதல் ஆறு வசனங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலெக்சாண்டரின் கடல்பாதையைச் சொல்லுங்கள், ஆனால் ஏழரைக் கோடிக் கணக்கை விட்டுவிடுங்கள். உங்கள் நண்பரிடம், தீரு இருக்கிறது, நீ சொன்னது சரி, ஜெரோமும் இதைத்தான் கேட்டார் என்று முதலில் ஒப்புக்கொண்டு, பிறகு தீருவின்மேல் ஏன் அந்த வார்த்தை வந்தது என்று 26:2ஐக் காட்டுங்கள். அவர் இன்னும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அது பரவாயில்லை, பேச்சு தொடரும். வாலிபர்களில் யாராவது, அப்படியானால் மேசியாவைப் பற்றிய தீர்க்கதரிசனங்களையும் இப்படித்தான் படிக்க வேண்டுமா என்று கேட்பார்கள், அதற்கும் ஆயத்தமாகப் போங்கள். மத்தேயு 2:15ஐயும் ஓசியா 11:1ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொடங்கலாம்: எகிப்திலிருந்து குமாரனை வரவழைத்தேன் என்று ஓசியா சொன்னது இஸ்ரவேலர் எகிப்தைவிட்டு முன்பே புறப்பட்டு வந்ததைப் பற்றி, மத்தேயு அதே வாக்கியத்தில் இயேசுவைக் காண்கிறார். அடுத்த வாரப் பாடத்துக்கு அது ஒன்றே போதும்.